மாதவிடாய் வலி: வெட்டிக் கொடுக்கும் மாத்திரையும் கேட்கப்படாத கேள்விகளும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாபேட்டை என்று எந்தப் பக்கத்து மெடிக்கலில் நின்று பார்த்தாலும் இது நடக்கும். ஒரு பெண் வருவார். முன்னால் நிற்கும் ஆண்கள் நகரும்வரை ஓரமாக நிற்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வயித்துவலி மாத்திரை ரெண்டு குடுங்க" என்பார். என்ன வயிற்றுவலி என்று கடைக்காரரும் கேட்கமாட்டார், அவரும் சொல்லமாட்டார். அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையைக் கத்தரிக்கோலால் வெட்டிச் சின்னக் காகித உறையில் போட்டுத் தருவார்கள். அந்தத் துண்டைத் திருப்பிப் பார்த்தால் மருந்தின் பெயரில் பாதிதான் இருக்கும். எத்தனை மில்லிகிராம் என்பது வெட்டில் போயிருக்கும். காலாவதித் தேதி மிச்ச அட்டையோடு கடையிலேயே தங்கிவிடும்.

மாதவிடாய் வலிக்கு மருந்து எடுப்பதில் நேரும் தவறுகள் பலவும் இந்தத் துண்டு அட்டையில்தான் தொடங்குகின்றன. போட்டது என்ன மருந்து என்று தெரியாதவருக்கு, அடுத்த வேளை எப்போது, அதோடு எதைச் சேர்க்கக் கூடாது என்பதும் தெரிய வழியில்லை. இந்த வலிக்கு நல்ல மருந்து உண்டு. அதைச் சரியான நேரத்தில், சரியான அளவில், ஒன்றே ஒன்றாக எடுக்க வேண்டும். நம் ஊரில் அது நடக்காததால் ஒரு பக்கம் பெண்கள் தேவையில்லாமல் துடிக்கிறார்கள், இன்னொரு பக்கம் தேவைக்கு மேல் விழுங்குகிறார்கள். பல வீடுகளில் இரண்டையும் ஒரே பெண் ஒரே நாளில் செய்கிறார்.

வலி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் மருந்தின் கணக்கு தானே புரிந்துவிடும். கர்ப்பப்பையின் உள்சவ்வு உதிரும்போது புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. அது கர்ப்பப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது. இறுகும் நேரத்தில் தசைக்குப் போகும் ரத்தமும் குறைவதால் வலி அடிவயிற்றில் தொடங்கி, குறுக்கிலும் தொடையிலும் இறங்குகிறது. அதே பொருள் குடலையும் கிளறிவிடுவதால்தான் சிலருக்கு முதல் நாள் வாந்தியும் பேதியும் சேர்ந்து வருகின்றன. வயசுக்கு வந்த புதிதில் வலியே இல்லாதிருந்த பெண்ணுக்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து வலி தொடங்குவதும் இயல்புதான். மாதாமாதம் கருமுட்டை ஒழுங்காக வெளிவர ஆரம்பித்த பிறகே இந்தச் சுரப்பு கூடும். "தலைக்குக் குளிச்ச, அதான்" என்று அந்தப் பிள்ளையைக் கடிந்துகொள்வதில் பயனில்லை.

மெஃபெனாமிக் ஆசிட், இபுப்ரோஃபென், நாப்ராக்சென் ஆகிய மூன்றும் இந்தப் புராஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுப்பவை. ஏற்கெனவே சுரந்துவிட்டதை அவை துடைத்து எடுக்காது. பால் பொங்கி வழிந்த பிறகு அடுப்பை அணைத்தால் வழிந்தது திரும்பாது, அப்படித்தான். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்து, நாலு மணி நேரம் சுருண்டு கிடந்து, இனி முடியாது என்றபோது போடும் மாத்திரை பாதி வேலைதான் செய்யும். "எனக்கு இந்த மாத்திரை கேட்காது" என்பவர்களில் பலருக்கு மாத்திரை கேட்காமல் இல்லை, தாமதமாகப் போடுகிறார்கள். ரத்தப்போக்கு தொடங்கியதும், அல்லது முதல் வலி தெரிந்ததும், எது முந்துகிறதோ அப்போது முதல் மாத்திரை. அடுத்தது வலி திரும்பும்வரை காத்திருந்து போடுவது இல்லை, கடிகாரத்தைப் பார்த்துப் போடுவது. வழக்கமாக எத்தனை நாள் கடுமையாக வலிக்குமோ அத்தனை நாள் மட்டும், இரண்டு அல்லது மூன்று நாள். அதோடு நிறுத்திவிட வேண்டும்.

அளவைச் சொல்கிறேன். வேறு நோய் இல்லாத, 14 வயதைத் தாண்டியவருக்கு மெஃபெனாமிக் ஆசிட் முதல் வேளை 500 மில்லிகிராம், பிறகு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 250. சில மருத்துவர்கள் 500 மில்லிகிராமை மூன்று வேளையாக எழுதுவார்கள்; எப்படி எழுதினாலும் ஒரு நாளின் மொத்தம் 1,500-ஐத் தாண்டக் கூடாது. இபுப்ரோஃபென் என்றால் ஒரு வேளைக்கு 400, ஆறு முதல் எட்டு மணி நேர இடைவெளி, மருத்துவர் கூட்டச் சொல்லாதவரை நாளுக்கு 1,200. நாப்ராக்சென் முதல் வேளை 500, பிறகு 6 முதல் 8 மணி நேரத்துக்கு 250. முதல் நாள் மொத்தம் 1,250, அடுத்த நாள்களில் 1,000. மெஃபெனாமிக் ஆசிட், இபுப்ரோஃபென் எல்லாம் மருத்துவர் சீட்டின் பேரில் விற்க வேண்டியவை. அட்டையின் ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோட்டுக்கு அர்த்தம் அதுதான். ஒருமுறை மருத்துவரைப் பார்த்து எடை, வயது, மற்ற நோய்களைச் சொல்லிச் சீட்டு வாங்கிப் பத்திரப்படுத்தினால் மாதாமாதம் குரலைத் தாழ்த்தும் வேலையும் இல்லை.

காலை ஆறரைக்கு ரத்தப்போக்கு தெரிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இட்லி, ஒரு டம்ளர் தண்ணீர், 7 மணிக்கு முதல் மாத்திரை. அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் தணியத் தொடங்கும். மதியம் 1 மணிக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு அடுத்தது, இரவு 7 மணிக்கு அதற்கடுத்தது. போட்ட நேரத்தை அட்டையின் பின்பக்கத்திலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். பால் கணக்கு எழுதும் காலண்டரில் அந்தத் தேதியில் ஒரு புள்ளி வையுங்கள். பள்ளிக்குப் போகும் பெண்ணென்றால் மருந்தின் பெயர், அளவு, அடுத்த வேளை நேரம் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி வகுப்பாசிரியையிடம் கொடுத்தனுப்புங்கள். வீட்டில் ஏழு மணிக்குப் போட்டது தெரியாமல் ஒன்பது மணிக்குப் பள்ளியில் இன்னொன்று கொடுத்துவிடுவது அப்போதுதான் நிற்கும்.

இரண்டு மருந்து ஒன்றாகச் சேருவதுதான் இதில் பெரிய ஆபத்து. கடையில் "வயித்துவலி மாத்திரை" என்று பெரும்பாலும் கைக்கு வருவது மெஃப்டால் ஸ்பாஸ். அதில் மெஃபெனாமிக் ஆசிட் 250, தசை இறுக்கத்தைத் தளர்த்தும் டைசைக்ளோமின் 10 மில்லிகிராம் இருக்கின்றன. அது கேட்கவில்லை என்று ஒரு மணி நேரத்தில் தலைவலிக்கு வாங்கி வைத்த காம்பிஃப்லாமை எடுத்துப் போடுகிறார்கள். அதில் இபுப்ரோஃபென் 400, பாராசிட்டமால் 325. ஆக, ஒரே வேலையைச் செய்யும் மெஃபெனாமிக் ஆசிட்டும் இபுப்ரோஃபெனும் ஒரே நேரத்தில் உள்ளே போய்விட்டன. வலி இரு மடங்கு குறையாது. இரைப்பைப் புண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள ஆபத்துதான் கூடும். அதற்கு மேல் உடம்பு வலிக்கு ஒரு டோலோ 650 போட்டால் பாராசிட்டமாலும் இரண்டாம் முறை உள்ளே போகிறது. மூட்டு வலிக்கு அப்பா வாங்கிய டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், பல்வலிக்கு வாங்கிய நிமிசுலைடு எல்லாம் இதே குடும்பம்தான். வீட்டு மருந்து டப்பாவில் பெயர் வேறு வேறாக இருப்பதால் மருந்தும் வேறு என்று நினைத்துவிடுகிறோம். பிராண்டு பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் உள்ளதைத்தான் படிக்க வேண்டும்.

மெஃபெனாமிக் ஆசிட்டுக்கு என்று ஒரு தனி எச்சரிக்கை உண்டு. அளவு மிக அதிகமானால் வலிப்பு வரக்கூடும். வலி தாங்காமல் மூன்று, நான்கு மாத்திரையை ஒன்றாக விழுங்கிய பெண்ணை "தூங்கட்டும், சரியாயிடும்" என்று விட்டுவிடக் கூடாது. அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒன்றோடு எதைச் சேர்க்கலாம் என்றால், பாராசிட்டமாலைச் சேர்க்கலாம். மேலே சொன்ன மூன்றில் ஒன்று, கூடவே தேவைப்பட்டால் தனிப் பாராசிட்டமால்; அதற்குமேல் வேண்டாம். அளவு எடையைப் பொறுத்தது: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், நாளுக்கு நாலு வேளைக்கு மேல் கூடாது. 35 கிலோ இருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு 500 மாத்திரை போதும், 650 அதிகம்.

டைசைக்ளோமின் சேர்ந்த மாத்திரைக்கு வாய் வறளும், பார்வை மங்கும், தூக்கம் வரும். கொண்டலாம்பட்டிப் பக்கம் விசைத்தறி ஓட்டுபவர், கொலுசுப் பட்டறையில் தீச்சுடர் முன் உட்கார்ந்து பற்றவைப்பவர், ஸ்கூட்டியில் போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும். ஸ்பாஸ் மாத்திரை இரண்டை ஒன்றாகப் போட்டால் இதுவும் இரட்டிப்பாகிறது. கண்ணில் நீர் அழுத்தம் உள்ளவர்களும் பால் கொடுக்கும் தாய்மார்களும் அதைத் தவிர்க்க வேண்டும். டிரமடால் சேர்ந்த மாத்திரைகளை மாதவிடாய் வலிக்கென்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அது போதை வகை வலிநிவாரணி, பழக்கமாகிவிடும். டிரனெக்சாமிக் ஆசிட் கலந்த மாத்திரையும் வெறும் வலிக்கானது இல்லை. அதிக ரத்தப்போக்கை அடக்க மருத்துவர் எழுதுவது அது. ரத்தம் உறையும் கோளாறு இருந்தவர்களுக்கும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஆபத்தாகலாம்.

"சாப்பிட்டுட்டுப் போட்டா வயித்துக்கு ஒண்ணும் ஆகாது" என்பது பாதிதான் உண்மை. சாப்பாடு எரிச்சலையும் குமட்டலையும் குறைக்கும். ஆனால் இந்த மருந்துகள் ரத்தத்தில் கலந்த பிறகும் இரைப்பையின் பாதுகாப்பைக் குறைக்கின்றன, அதனால் நாள் கணக்கை நீட்டினால் சாப்பிட்டுப் போட்டவருக்கும் புண் வரும். அதேபோல, ஆரோக்கியமான இளம்பெண் இரண்டு நாள் எடுக்க ஒவ்வொரு முறையும் கூடவே ஒரு கேஸ் மாத்திரை தேவையில்லை. முன்பு புண் இருந்தவருக்கு வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

அல்சர், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்கள், வலி மாத்திரை போட்டால் மூச்சுத்திணறல் வரும் ஆஸ்துமாக்காரர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள், சில வகை ரத்தக்கொதிப்பு மாத்திரைகளில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த வகையைத் தொடக் கூடாது. நாள் தள்ளிப்போய் கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் வேண்டாம். வாந்தியும் பேதியும் அதிகமாகி உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது போட்டால் சிறுநீரகம் அடிவாங்கும். முதலில் உப்பு சர்க்கரைக் கரைசல். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ச்சலும் மாதவிடாயும் ஒன்றாக வந்தால், டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டுமே. டெங்குவில் தட்டணுக்கள் குறையும் நேரத்தில் மற்றவை ரத்தக்கசிவைக் கூட்டும்.

2023 நவம்பர் இறுதியில் இந்திய மருந்தியல் ஆணையம் மெஃபெனாமிக் ஆசிட் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது. டிரெஸ் எனப்படும் கடுமையான ஒவ்வாமை அதனால் வரலாம் என்பதே அந்த எச்சரிக்கை. காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, முகவீக்கம், கழுத்தில் நெறிகட்டு, அதோடு கல்லீரல் போன்ற உள்ளுறுப்புகளும் பாதிக்கப்படலாம். அரிதாகவே வரும். அதற்காகப் பயந்து வலியைப் பொறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: மருந்து தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் இது வெளிப்படும். போன மாதம் மூன்று நாள் போட்ட மாத்திரை அப்போது யாருக்கும் ஞாபகம் வராது, அம்மை என்று நினைத்து வேப்பிலை வைத்துவிடுவோம். தடிப்போடு காய்ச்சல் வந்தால் போன இரண்டு மாதத்தில் எடுத்த வலி மாத்திரையை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். காலண்டரில் வைத்த புள்ளி இங்கேதான் உதவும். பக்க விளைவுகளைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது, நோயாளியே பேசலாம்.

ஏற்காட்டு மலை ஊர்களுக்கு இதில் தனிக் கஷ்டம். நாகலூரிலோ வாழவந்தியிலோ இருக்கும் பெண்ணுக்கு நடுராத்திரியில் வலி கடுமையானால், மெடிக்கல் தேடி இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவது நடக்கிற காரியமில்லை. அவர்கள் அடுத்த மாதத்துக்கான முழு அட்டையை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். மலை ஈரத்தில் காகித உறையில் கிடக்கும் மாத்திரை ஊறி உதிர்ந்துவிடும். இறுக்கமான மூடியுள்ள டப்பாவில், அட்டையோடு வைக்க வேண்டும். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் விடிந்ததும் வெறும் வயிற்றில் தோட்டத்துக்குப் போய், முந்தானையில் முடிந்து வைத்த மாத்திரையைத் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்குகிறார்கள். அது தொண்டைக்குழாயில் ஒட்டி நின்றாலே புண்ணாகும். ஒரு உருண்டை களியோ பழைய சோறோ சாப்பிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரோடு போட்டு, பத்து நிமிடம் படுக்காமல் இருக்க வேண்டும். பறிக்கும் இடத்தில் குடிநீரும், குனிந்து நிமிர முடியாத நாளில் பழம் பொறுக்கிப் பிரிக்கும் வேலையும் கொடுப்பது தோட்ட நிர்வாகங்களால் முடியாத செயல் இல்லை.

ஒத்தடம் உண்மையாகவே பலன் தருவது. கை பொறுக்கும் சூட்டில் ரப்பர் பையோ, வறுத்த கல்லுப்பு முடிச்சோ, துணி சுற்றி அடிவயிற்றில் வைக்கலாம். பையில் கொதிநீர் ஊற்றக் கூடாது. முக்கால் பங்குக்குக் குறைவாக நிரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு மூட வேண்டும். வெந்தயமும் மோரும், சீரகத் தண்ணீரும், இஞ்சியும் பிடித்தால் குடிக்கலாம். மாத்திரைக்கு மாற்றாக அவற்றை ஒரு பெண்ணின் மேல் திணிக்க வேண்டாம்.

"ஊசி போட்டாத்தான் கேட்கும்" என்று கிளினிக் தேடிப் போகிறவர்கள், காலையிலிருந்து போட்ட மாத்திரைகளைச் சொல்லாமல் கையையோ இடுப்பையோ நீட்டக் கூடாது. அந்த ஊசி பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், அதாவது அதே குடும்பம். வாந்தி நிற்காதவருக்கு ஊசி பயன்படும். மற்றவருக்கு நேரத்தில் போட்ட மாத்திரை செய்வதைத்தான் அதுவும் செய்யும். வாந்தியில் மாத்திரை முழுதாக வெளியே வந்தது கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் இன்னொன்று போடலாம்.

ஆடி பிறந்தால் சேலத்தில் இன்னொரு மாத்திரையும் ஓடும். மாரியம்மன் பண்டிகைக்காக நாள் தள்ளிப்போட வாங்கும் நாரெத்திஸ்டிரோன். இது ஹார்மோன் மருந்து. வழக்கமான 5 மில்லிகிராம் மூன்று வேளை அளவில் அதன் ஒரு பகுதி உடம்பில் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. காலில் ரத்தம் உறைந்தவர், உறைவுக் கோளாறு உள்ள குடும்பத்தவர், கல்லீரல் நோய் உள்ளவர், கண்முன் ஒளிக்கோடு தெரிந்து ஒற்றைத் தலைவலி வருபவர் கேட்காமல் எடுக்கக் கூடாது. எடுத்த நாள்களில் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனை. பக்கத்து வீட்டம்மாவுக்கு எழுதிய சீட்டில் இதை வாங்கித் தருவது, பூ மிதிக்க வேண்டும் என்ற பக்தியால் செய்தாலும், செய்யக் கூடாதது.

மாத்திரை போட்டால் கர்ப்பப்பை கெட்டுவிடும், பின்னால் குழந்தை தங்காது என்ற பயம்தான் அம்மாக்கள் பலரையும் தடுக்கிறது. மாதவிடாய் நாளில் இரண்டு மூன்று நாள் எடுப்பதால் கர்ப்பப்பை கெடுவதில்லை, பழக்கமாகி அடிமையாவதும் இல்லை. குழந்தைக்கு முயற்சிப்பவர்கள் மட்டும் சுழற்சியின் நடுவில், கருமுட்டை வெளிவரும் நாள்களில், தொடர்ந்து போடாமல் இருக்க வேண்டும். அது வெளியேற்றத்தைத் தாமதிக்கலாம், நிறுத்தினால் சரியாகிவிடும். குழந்தைப்பேற்றுக்கு உண்மையில் இடைஞ்சல் செய்யக்கூடியது, வலிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளரும் நோய். உலகில் குழந்தை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு அது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. "கல்யாணமானா சரியாயிடும்" என்று பத்து வருடம் தள்ளிப்போடுவதால்தான் பலருக்கு அது தாமதமாகத் தெரியவருகிறது.

ஆகவே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். சரியான நேரத்தில், சரியான அளவில் மூன்று மாதம் எடுத்தும் பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியவில்லை என்றால் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மலம், சிறுநீர் கழிக்கும்போதோ உடலுறவிலோ வலி, நாள் முடிந்த பிறகும் தொடரும் வலி, முப்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய வலி ஆகியவற்றுக்கு மூன்று மாதமும் காத்திருக்க வேண்டாம். பதினான்கு, பதினைந்து வயதாகியும் ரத்தம் வராமல் மாதாமாதம் வயிறு மட்டும் வலிக்கும் பெண்ணுக்குப் பாதை அடைத்திருக்கலாம். பரிசோதித்துத்தான் ஆக வேண்டும். நாள் தள்ளிப்போன பின் ஒரு பக்கம் மட்டும் திடீரென வெட்டும் வலி, மயக்கம், காய்ச்சலோடு துர்நாற்றம், மணிக்கொரு நாப்கின் நனைவது இவற்றுக்கு வலி மாத்திரை போட்டுப் பார்ப்பது காலத்தை வீணாக்குவது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலோ வேறு எங்கோ காட்டப் போகும்போது, "ரொம்ப வலிக்குது" என்பதோடு நிறுத்தாமல் காலண்டர் தாளையும் கொண்டுபோங்கள். எந்த நாள் தொடங்கியது, எத்தனை மணிக்கு என்ன போட்டது, எவ்வளவு குறைந்தது, எத்தனை நாப்கின், எத்தனை நாள் லீவு. மருத்துவர் மாலா-என் போன்ற ஹார்மோன் மாத்திரையோ டயனோஜெஸ்டோ எழுதினால், கல்யாணமாகாத பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரையா என்று வீட்டில் கிழித்துப் போடாதீர்கள். உள்சவ்வைத் தடிக்கவிடாமல் செய்து வலியைக் குறைக்கும் சிகிச்சை அது. ரத்தக்கொதிப்பு, ரத்த உறைவு, ஒற்றைத் தலைவலி இருந்தால் அதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்.

நம் மாவட்டத்து மருந்துக் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். அட்டையை வெட்ட வேண்டியிருந்தால் பெயர், மில்லிகிராம், காலாவதித் தேதி மூன்றையும் உறையின் மேல் எழுதிக் கொடுங்கள். "காலையிலிருந்து வேற மாத்திரை போட்டீங்களா? அல்சர், ஆஸ்துமா இருக்கா? நாள் தள்ளிப் போயிருக்கா? காய்ச்சல் இருக்கா?" இந்த நாலு கேள்வியையும் மற்றவர் காதில் விழாத குரலில், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
அம்மாபேட்டை, சேலம்.